குளிர்த்தியும் கும்பாபிஷேகமும்
மட்டக்களப்புக் கரையோரக் கோயில்கள் பற்றிய ஒரு விவாதம்

1

மட்டக்களப்புத் தமிழர் கோயில் வழிபாடு பற்றிப் பேசும்போது இரு சொற்களை வேறுபடுத்திக் கையாள்வதை அவதானிக்கலாம். ஒன்று ‘திருவிழா’, மற்றையது ‘சடங்கு’. சிவனுக்கும் முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடைபெறுவது திருவிழா. கண்ணகிக்கும் காளிக்கும் மாரிக்கும் பேச்சிக்கும் நடைபெறுவது சடங்கு. ஊரவர் நாவில் இது உயர்வு தாழ்வு குறித்த வேறுபாடாக இருந்ததில்லை; முறை குறித்த வேறுபாடாகவே இருந்து வந்தது. அண்மைக் காலமாக இச்சொல்லாட்சி மாறி வருகின்றது. ஊர்களில் அச்சிட்டு விநியோகிக்கப்படும் விஞ்ஞாபனங்களில் ‘சடங்கு’ என்ற சொல் மெல்ல ஒதுங்கிக்கொள்ள, ‘அலங்கார உற்சவம்’, ‘மகோற்சவம்’, ‘மகா கும்பாபிஷேகம்’ என்பன அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

சொல் மாறினால் என்ன, அம்மன் அதே அம்மன்தானே என்பர் சிலர். அம்மனும் மாறுகின்றாள் என்பதே எமது வாதம். அவளோடு அவளைப் பாடியவர் மாறுகின்றனர். அவள் முன் நின்று பேச உரிமை பெற்றிருந்தவர் மாறுகின்றனர். கோயிலின் சாவி இருக்கும் கை மாறுகின்றது. இரு பக்க நியாயங்களையும் அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இம்மாற்றத்தை எதிர்ப்பதற்காகவே இது எழுதப்படுகின்றது. ஆயின், எதிர்க்கும் தரப்பின் பிழைகளையும் மறைக்காது கூறுதல் கடன் என்பதையும் யாம் மறக்கவில்லை.

2

வடக்கே வெருகல் தொடக்கம் தெற்கே கூமுனை வரை நீண்டு கிடக்கும் கிழக்குக் கரையோரத்தையே மட்டக்களப்புத் தேசம் எனப் பழையோர் கொண்டனர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலும், வாவிக்கு மேற்கே வயல்சூழ்ந்த படுவான்கரையிலும் அமைந்த கோயில்களை ஒரே அச்சில் வார்த்தவை எனக் கருதுவது பெருந்தவறாகும். தேசத்துக் கோயில்கள் எனப்பட்ட திருக்கோவில், கொக்கட்டிச்சோலை, மண்டூர் முதலியன ஒரு வகை. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகி கோயில்கள் இன்னொரு வகை. பாண்டிருப்பில் திரௌபதைக்குப் பதினெட்டு நாட் சடங்கு. பாண்டவர் வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் கண்முன்னே நிகழ்ந்து தீமிதிப்பில் முடிவுறும். பெரியகல்லாற்றில் கடற்றொழிலாளரின் காவல் தெய்வமாகக் கடல்நாச்சியம்மன் வீற்றிருக்கின்றாள். வடக்கே வாகரைப் பக்கத்துக் கரையோர வேடரிடையே குமார தெய்வ வழிபாடு உண்டு. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில், இம்மக்களிடையே கடல் கடந்து வந்தவையாகக் கருதப்படும் ‘கப்பற் பேய்’களின் வழிபாடு குறிக்கப்பட்டுள்ளது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்நியரையும் தெய்வமாக்கி மடை வைத்த மனநிலை, கரையோர வாழ்வு ஈன்ற மனநிலையன்றோ!

இவற்றுள் கண்ணகி வழிபாட்டையே இங்கு சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம். மாற்றத்தின் தன்மை அங்கேதான் துலாம்பரமாகத் தெரிகின்றது. பெரும்பாலான கண்ணகி கோயில்களின் கதவு ஆண்டுக்கொரு முறை வைகாசியில் திறக்கப்படும். கலியாணக்கால் நடப்படும். சடங்கு நாட்களில் ‘கண்ணகி வழக்குரை’ ஏடு இசையோடு படிக்கப்படும். பூரணையை ஒட்டிக் குளிர்த்தி பாடப்படும். பின்னர் கதவு அடைக்கப்படும். பூசை செய்பவர் கட்டாடியார். அவருக்கு வழிகாட்டி, தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதப்பட்டு வந்த பத்ததி. உடுக்கும் பறைமேளமும் பெண்களின் குரவையுமே அங்கு வாத்தியங்கள். வேப்பிலையும் நீரும் பாட்டுமே மதுரையை எரித்தவளின் வெம்மையைத் தணிப்பன.

வழக்குரை இளங்கோவடிகளின் காப்பியத்தைத் திருப்பிச் சொல்வதன்று. சிலம்புக்கு வேண்டிய நாகமணி தேடி மீகாமன் கடலோடிய கதையும், வழிமறித்த வெடியரசனோடு அவன் பொருத கதையும் சிலப்பதிகாரத்தில் இல்லை. இக்கரையோர மக்களின் வழக்குரையில் உண்டு. இதே கதை யாழ்ப்பாணத்தில் ‘கோவலனார் கதை’ எனவும் வன்னியில் ‘சிலம்பு கூறல்’ எனவும் வழங்கிற்று. கடலை அறிந்த ஒரு மக்கட் கூட்டம், கற்றோர் காப்பியத்தைத் தன் வாழ்க்கைக்குள் இழுத்து வந்து தனதாக்கிக்கொண்ட ஆக்கம் இது. 1968இல் வி. சீ. கந்தையா அவர்கள் இதனைப் பதிப்பித்திராவிடின் எம் போன்றோர் இதனை ஓர் ‘ஏட்டுப் பிரதி’ என்றே கேள்விப்பட்டிருப்போம்.

3

ஆகமமயமாக்கம் என யாம் குறிப்பது யாது? கும்பாபிஷேகம் செய்வது மாத்திரமன்று. பத்ததியின் இடத்தில் ஆகமத்தையும், தமிழ்ப் பாட்டின் இடத்தில் வடமொழி மந்திரத்தையும், கட்டாடியாரின் இடத்தில் அழைத்துவரப்பட்ட குருக்களையும், ஆண்டுச் சடங்கின் இடத்தில் நித்திய பூசையையும், ஊர்த் தெய்வத்தின் இடத்தில் புராணத் தெய்வத்தையும் வைத்து, முன்னையதைத் தாழ்ந்ததென நிறுவும் போக்கையே அவ்வாறு குறிக்கின்றோம். எம். என். சிறீனிவாஸ் குடகு மக்கள் பற்றி 1952இல் வெளியிட்ட நூலில் சமஸ்கிருதமயமாக்கம் என விளக்கிய சமூக அசைவின் ஈழத்து வடிவம் இதுவெனலாம்.

இப்போக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தபின், சைவம் பேய் வழிபாடென எள்ளப்பட்டது. அதனை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலர் (1822–1879) சைவத்தைக் காத்த வரலாறு யாவரும் அறிந்தது. அதனை மறுப்பது எமது நோக்கமன்று. கோயில் அதிகாரிகளின் ஊழல்களையும் அவர் அஞ்சாது கண்டித்தார். ஆனால் அவரது காப்பு முறையில் ஒரு விலை இருந்தது. சமயமென்றால் அதற்கு நூற்பிரமாணம் வேண்டும் என்ற மிசனரிமாரின் அளவுகோலை ஏற்றுக்கொண்டே அவர் அவர்களுக்கு விடையிறுத்தார். நூற்பிரமாணமில்லாத வழிபாடெல்லாம் அந்த அளவுகோலின் முன் குற்றவாளிக் கூண்டில் ஏறின. கண்ணகி, சமணச் சார்புடைய வணிகப் பெண் என ஒதுக்கப்பட்டாள். இச்சிந்தனை பரவிய யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி கோயில்களாகவும் புவனேஸ்வரி கோயில்களாகவும் பெயர் மாறின. மட்டக்களப்பு அன்று ஓரளவு தப்பிற்று. இன்று அது தப்புமா என்பதே கேள்வி.

இன்றைய வேகத்துக்கு உடனடிக் காரணங்களும் உள. 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 திசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும் கரையோரக் கோயில்களைச் சிதைத்தன. போர் ஊர்களையே இடம்பெயர்த்தது. 2009இன் பின் புலம்பெயர்ந்தோரின் பணம் மீள்கட்டுமானத்துக்கு வந்தது. ஊரைப் பிரிந்தவரின் ஏக்கத்தை யாம் குறை கூறோம். ஆனால் பணம் கேட்பது ஒரு கோபுரத்தை. கல்வெட்டில் ஒரு பெயரை. ஆண்டுக்கொரு முறை கதவு திறக்கும் கோயிலுக்கு அதிக செலவில்லை. வீடுதோறும் வரும் மடைப்பண்டமும் நேர்கடனும் போதும். நித்திய பூசைக்கோ நிலையான வருவாய் வேண்டும். வருவாய்க்குப் பணம் திரட்ட வல்லவர் வேண்டும். அவரே நாளடைவில் கோயிலின் தலைவராவார். தாய்வழிக் குடிகள் முறை வைத்து நடத்திய கோயில், வங்கிக் கணக்குள்ளவர் நடத்தும் கோயிலாகின்றது. ஆகமம் இங்கு ஆன்மிக வளர்ச்சியின் பெயரால் வந்து சேரும் ஓர் உடைமை மாற்றமுமாகும்.

இதன் விளைவைக் காட்ட ஒரு சிறு நிகழ்ச்சியைக் குறிப்பிடுதல் தகும். இக்கட்டுரையாளனின் ஊரயலில் உள்ள கோயிலொன்றில், திருத்த வேலைக்குப் பின் நடந்த முதற் சடங்கின்போது, வழக்குரை படிக்கும் முதியவரிடம் ‘ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கோ, அதற்குப் பிறகு விசேட பூசை’ என்று கூறப்பட்டது. அவர் ஏட்டைப் பிரித்து, கொலைக்களக் காதையை விட்டு, வழக்குரைத்த காதையில் பாதியைப் படித்து, மூடி வைத்தார். எவரும் ஆட்சேபிக்கவில்லை. ஒலிபெருக்கியில் அடுத்த நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டது. கோவலன் கொல்லப்படாமலே கண்ணகி நீதி கேட்ட அந்த இரவில், முதியவர் மண்டப ஓரத்தில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு அவர் அழைக்கப்படவில்லை. அவரிடம் படித்த பையனும் இல்லை. ஒரு மரபு இறப்பது இவ்வாறுதான். எவரும் அதைக் கொல்வதில்லை. அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை, அவ்வளவே.

4

ஆகமமயமாக்கத்தை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை இனி நோக்குவோம்.

முதலாவது, சடங்குகள் மூடநம்பிக்கை. அம்மை நோய்க்கு அஞ்சிய காலத்தின் எச்சம். பெரியம்மை ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்த பின்னரும் குளிர்த்தி எதற்கு என்பது. இவ்வாதத்தைக் கூறுவோர், அடுத்த மூச்சில், யாக குண்டத்தில் நெய் சொரிந்தால் ஊருக்கு நலமுண்டாகும் என்கின்றனர். பகுத்தறிவு அம்மன் வாசலில் மாத்திரம் விழித்திருந்து, யாகசாலை வாசலில் உறங்கிவிடுமெனின் அதனைப் பகுத்தறிவு என்பதெப்படி? உயிர்ப்பலியை நிறுத்த வேண்டுமென்பதில் எமக்கு மாறுபாடில்லை. அதனை நிறுத்துவதற்குத் தெய்வத்தின் பெயரை மாற்றத் தேவையில்லை. கண்ணகிக்குரிய குளிர்த்தி பாட்டாலும் நீராலும் ஆயது என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, ஆகமமே கோயிலுக்கு மதிப்பைத் தருகின்றதென்பது. இது கண்கண்ட உண்மைக்கு மாறானது. மண்டூரில் கப்புகனார் வாய்கட்டி, திரைக்குப் பின்னால் மௌனமாகப் பூசை செய்கின்றார். கதிர்காமத்தில் கப்புறாளைமார் செய்வதும் அவ்வாறே. வட கரையோரத்தில், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி, கடற்றொழிலாளர் சமூகத்தவரான மருதர் கதிர்காமரால் தொடங்கப்பட்டது; இன்றும் அங்கு வாய்கட்டிப் பூசை செய்பவர் பிராமணரல்லாத பூசகரே. இக்கோயில்களுக்கு அடியார் கூட்டம் குறைவா? மட்டக்களப்பின் பெருங்கோயில்கள் சிலவற்றில் வீரசைவ மரபினரான குருக்கள்மார் பூசை செய்து வந்துள்ளனர். ‘எங்கும் என்றும் ஆகம வழி’ என்பது பின்னர் கற்பிக்கப்பட்ட பழைமையே தவிர வேறன்று.

மூன்றாவது, பிற சமயத்தாரின் மதமாற்ற முயற்சிக்கு எதிராக ஒருமைப்பட்ட சைவம் வேண்டுமென்பது. ஒருமையும் ஒருசீர்மையும் வேறு. தன் மொழியில், தன் பாட்டனின் ஏட்டில், தன் தாயின் குரவையில் தெய்வத்தைக் கண்டவனிடம் அவை யாவும் இழிந்தவை எனக் கூறிவிட்டு, விளங்காத மந்திரத்துக்கு வெளியே அவனைக் கைகட்டி நிற்க வைத்தால், அவன் வேறிடம் தேடிப் போவதற்கு வழி திறந்து விடுவோர் யார்?

நான்காவது நியாயமே வலிமை மிக்கது. ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே தமது சிறு கோயில்களை ஆகம வழிக்கு மாற்றியுள்ளனர். பெருங்கோயில்களின் கதவு தமக்கு அடைக்கப்பட்டபோது, அதற்கு நிகரான கோயிலைத் தாமே கட்டி எழுப்பியது அவர்களின் தன்மானம். அதனை மறுக்க நீங்கள் யார் என்பது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிற் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. அந்த அவமானத்தை அனுபவித்தவர் தம் வைரவர் சூலத்தின் இடத்தில் பிள்ளையார் விக்கிரகத்தை வைத்தால், அவரைப் பார்த்து ‘மரபை அழிக்கின்றாய்’ என்று கூறும் அருகதை எமக்கில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கலாம். அவர் ஏறிச் சென்ற ஏணியை அங்கு நிறுத்தி வைத்தவர் யார்? பிராமணர் பூசை செய்தாலே கோயில், இன்றேல் அது கொட்டில் என்ற அளவுகோலை வகுத்தவர்களே அவரை அவ்வழி செல்ல நிர்ப்பந்தித்தனர். அளவுகோலை முறிப்பதே விடுதலை. அதன் உச்சிக்கு ஏறுவது, கீழே இன்னொருவர் நிற்பதற்கு இடம் வைத்துவிட்டே செல்வதாகும்.

5

இனி எமது தரப்பின் பிழைகள்.

பல்கலைக்கழகங்களில் நாட்டார் வழக்காறு பேசும் எம்மிடையே, நாட்டார் கோயில் சமத்துவத்தின் கோயில் என்றொரு கனவு உலவுகின்றது. அது பொய். இக்கரையோரச் சடங்குகளிலும் சாதி இருந்தது, இருக்கின்றது. பறைமேளம் இன்றிச் சடங்கில்லை என்போம். அதனை முழக்கியவரை எவ்விடத்தில் நிறுத்தினோம்? துணி விரித்தவருக்கு, பந்தம் பிடித்தவருக்கு, அவர் பிறப்பே தொழிலென விதித்தோம். இன்று அக்குடும்பங்களின் இளைஞர் பறையைக் கையால் தொட மறுக்கின்றனர். அவர்கள் மறுப்பது இசையை அன்று, இழிவை. கலை அழிகின்றதே என்று கண்ணீர் வடிக்கும் விரிவுரையாளர், அவ்விளைஞனைத் தம் வீட்டுக் கூடத்தில் சமமாக இருத்திய பின்னரே அக்கண்ணீரை வடித்தல் வேண்டும்.

இரண்டாவது பிழை, சடங்கைக் காட்சிப்பொருளாக்குதல். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தமை அக்காலத்துக்கு வேண்டிய பெரும் பணி. அவர் வழி வந்த யாம், மேடைக்கு வந்ததோடு கடமை முடிந்ததெனக் கொண்டுவிட்டோம். வழக்குரையில் ஆய்வேடு எழுதியோர் பலர். அதனை ஒரு வைகாசி இரவிலேனும் முழுமையாகப் படிக்கக் கற்றோர் எத்தனை பேர்? கொம்புமுறி விளையாட்டில் வடசேரி கோவலனுக்கும் தென்சேரி கண்ணகிக்கும் உரியன எனப் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகின்றோம்; சிங்கள மக்களிடையே பத்தினி தெய்வத்துக்குரிய ‘அங்கெலிய’வோடு அதனை ஒப்பிடுகின்றோம்; கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலை மேற்கோள் காட்டுகின்றோம். இரு மக்கட் கூட்டமும் ஒரே தாயின் முன் கயிறு இழுத்த அந்த விளையாட்டு எம் ஊர்களில் அருகிப் போனது பற்றி வெட்கப்படுவதில்லை.

6

இவ்வளவு வாதாடிக் காக்க வேண்டிய பொருள் அங்கு என்ன இருக்கின்றது என்று கேட்கப்படலாம். கடைசியாக அதற்கு விடை கூறுவோம்.

இராஜராஜேஸ்வரி அரசர்க்கெல்லாம் அரசி. கண்ணகி அரசனைக் கேள்வி கேட்ட குடிமகள். இவ்விரண்டும் ஒன்றல்ல. கணவனை விசாரணையின்றிக் கொன்ற அரசின் வாசலில், கையில் சிலம்போடு ஒரு பெண் நின்று வழக்குரைத்த கதையை, ஆண்டுதோறும் ஊர் கூடி இருந்து கேட்டது. சமயம் என்ற பெயரில் எம் மக்கள் காத்து வந்த நீதி நூல் அதுவே. ஆகமத்தில் அவளுக்கு இடமில்லை. இடம் கொடுக்க வேண்டுமாயின் அவளை வேறொருத்தியாக்க வேண்டும். வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு வழக்காடியவளை மாத்திரம் சிம்மாசனத்தில் ஏற்ற வேண்டும்.

இது கடந்த காலத்துக் கதையன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மட்டக்களப்பில் எத்தனையோ ஆண்கள் கொண்டு செல்லப்பட்டு மறைந்தனர். அவ்வாண்டு செப்தெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோருள் கொண்டு செல்லப்பட்டவர் திரும்பி வரவில்லை. பொலிசும் நீதிமன்றும் செவி கொடாத அந்நாட்களில், தாய்மார் எங்கு சென்றனர்? 1990களில் இங்கு ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்வோரிடம் அவர்கள் சென்றதைப் பதிவு செய்துள்ளார். ‘என் பிள்ளை உயிரோடு இருக்கின்றானா’ என்ற கேள்வியைப் பலர் கேட்க உரத்துக் கேட்பதற்கு அன்று எஞ்சியிருந்த மன்று அதுவொன்றே. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது, கையில் ஏந்தியது சிலம்பன்று, புகைப்படம். வழக்கு அதே வழக்கு.

வாக்குச் சொல்லும் பெண்ணை ‘பேயாடுகின்றாள்’ எனக் கோயிலுக்கு வெளியே நிறுத்தும் பரிபாலன சபைகள், எவரை வெளியே நிறுத்துகின்றோம் என்று ஒரு கணம் சிந்திக்கட்டும். அவ்வாக்கு மெய்யா பொய்யா என்பது வேறு விவாதம். அதனைக் கேட்கச் சென்றவளின் கண்ணீர் மெய். அவளுக்குத் தன் மொழியில் பேசும் ஒரு தெய்வம் தேவைப்பட்டது.

7

எனவே செய்ய வேண்டுவன சில உள. கோயில்களைத் திருத்த வேண்டாமென யாம் கூறவில்லை; ஒழுகும் கூரையில் மரபு இல்லை. திருத்தும்போது பத்ததியும் வழக்குரையும் குளிர்த்தியும் தமக்குரிய நேரத்தையும் இடத்தையும் இழக்காதிருக்க ஊர்ப் பொதுக்கூட்டம் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். பறைமேளம் பிறப்பின் கடமையாக இருத்தல் ஒழிந்து, விரும்பிக் கற்ற எவரும் உரிய ஊதியத்தோடும் மதிப்போடும் முழக்கும் கலையாக வேண்டும். தமிழ்ச் சங்கங்களும் தமிழ்த் துறைகளும் பத்ததிகளைப் படியெடுத்துத் தம் அலுமாரிகளில் பூட்டி வைக்காது, அவற்றின் நற்படிகளை எடுத்த ஊருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வைகாசிக்கும் முன்னர், வழக்குரை படிக்கும் முதியவர் ஒருவரிடம் மாணவர் இருவரேனும் சென்றிருந்து படிக்கப் பழகுதல், ஆய்வரங்குகள் பலவற்றிலும் பயனுடையதாகும்.

காரைதீவு என்னும் கண்ணகி ஊரில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்தின் இசை நுட்பங்களில் ஆழ்ந்து 1947இல் ‘யாழ் நூலை’ எமக்களித்தார். அவ்வூர் மண்ணில் அன்று ஒலித்த பாட்டு ஒலிக்காமற் போயிருப்பின் அச்செவி எங்ஙனம் பழகியிருக்கும்? இனி வரப்போகும் செவிகளுக்கு யாம் எதனை விட்டுச் செல்லப் போகின்றோம், ஒலிபெருக்கியின் அறிவித்தலையா, குளிர்த்தியின் கடைசி அடியையா? இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பைப் பரிபாலன சபைகளிடம் மாத்திரம் விட்டுவிட்டு யாம் விடுதி அறைகளில் இருந்து கட்டுரை எழுதுவோமாயின், அடுத்த தலைமுறை எம்மையே கூண்டில் ஏற்றும். அன்று எமக்காக வழக்குரைக்க எவரும் வரமாட்டார்.